எண் அழிந்த பன்னிரண்டு குடுவைகள்

மலேசியாவின் ஈப்போ நகரில் எங்கள் ஆய்வகத்தின் தலைவி ஒரு சீனப் பெண்மணி. அதிகம் பேசமாட்டார். ஒரு திங்கட்கிழமை காலை என்னைக் கூப்பிட்டு, "சென்னைக்குப் பக்கத்தில் தாம்பரம் என்று ஓர் ஊர். அங்கே ஒரு பெண் கிட்டத்தட்ட மூன்று வருஷமாக பாக்டீரியாவைத் தினமும் குடுவை மாற்றி வளர்க்கிறாள். நாமும் இங்கே செய்யப்போகிறோம். போய்ப் பார்த்துக் கற்றுக்கொண்டு வா. உனக்குத்தான் தமிழ் தெரியுமே" என்று மலாயில் சொன்னார். ஐம்பத்து நாலு வயதில் என்னை மாணவனாக அனுப்புகிறார். தமிழ் தெரியும் என்ற தைரியத்தில் நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

மேடவாக்கத்தில் என் மனைவியின் ஒன்றுவிட்ட தம்பி சங்கருக்கு அடுக்குமாடியில் ஒரு வீடு இருக்கிறது. அங்கேதான் தங்கல். டாக்சியை விட்டு இறங்கிப் பெட்டியோடு வாசலில் நின்ற பத்தாவது நிமிஷத்தில் என் தமிழ்த் தைரியம் போய்விட்டது. தண்ணீர் லாரி ஒன்று பின்பக்கமாகவே சந்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. லாரியின் பின்னால் தொங்கியபடி வந்தவர் என்னைப் பார்த்து, "யோவ் சார், அந்தாண்ட போய்க்கோ, வண்டி வந்துகினு கீது, ஏத்திடப் போறான்" என்று கத்தினார். 'யோவ்' என்பதையும் 'சார்' என்பதையும் ஒரே மூச்சில் ஒருவருக்குச் சொல்ல முடியும் என்பது எனக்குப் புதுச் செய்தி.

"எங்க ஊரில் குழாயைத் திறந்தால் தண்ணி வருமப்பா" என்றேன் சங்கரிடம்.

"இங்கயும் வரும் மாமா. லாரி வந்தா வரும்" என்றான். அவன் அன்று மாலையே குடும்பத்தோடு விடுமுறைக்குக் கிளம்பிப் போய்விட்டான். சாவியும் ஒரு டப்பா முறுக்கும் எனக்கு மிஞ்சின.

முதல் நாள் காலை ஷேர் ஆட்டோவில் தாம்பரம் போனேன். நாலு பேர் உட்காரவேண்டிய வண்டியில் ஏழு பேர். இன்னும் இடம் இருக்கிறது என்று டிரைவர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் அடித்துச் சொன்னார். என் முழங்கால் யாருடைய பையிலோ மாட்டிக்கொண்டிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த வடநாட்டு இளைஞன் ஒருவன் போனில் சத்தமாக இந்தியில் பேசிக்கொண்டே வந்தான். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. பக்கத்தில் கீரைக்கட்டுகளோடு இருந்த அக்காவிடம் என்ன என்று கண்ணால் கேட்டேன். "அவங்க அம்மா கேக்குது போல. நல்லா சாப்புட்டேன், சூடா சோறு, பருப்பு, ரெண்டு முட்டைன்றான். சும்மா. காலைல ஒரு டீ தான் குடிச்சிட்டு ஏறுனான், நான் பாத்தேனே" என்றார். வடநாட்டுத் தொழிலாளர்களுக்குக் கீரை விற்றே இந்தி கற்றவராம். செம்பாக்கம் தாண்டும்போது அந்த அக்கா தன் பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து அவன் மடியில் வைத்தார். அவன் போனை விடாமலே தின்றான்.

நான் போகவேண்டிய இடம் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சின்ன ஆராய்ச்சி நிலையம். பேர் வேண்டாம். மரங்கள் நடுவே இரண்டு மாடிக் கட்டடம், மாடியில் ஓர் ஆய்வகம். வாசலில் நீலச் சட்டை போட்ட, என் வயதுள்ள மனிதர் ஒருவர் நின்றிருந்தார். ஏழுமலை. ஆய்வக உதவியாளர், ஒப்பந்த வேலை, வீடு அஸ்தினாபுரம். "மலேசியா சாரா? வா சார், வா சார். பூச்சிக்குக் கஞ்சி ஊத்துற நேரம், கரெக்டா வந்துட்ட" என்றார். ஒருமையில் அழைக்கிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது. பிறகுதான் தெரிந்தது, அது இந்த ஊரின் மரியாதை. நிலைய இயக்குநரையும் அவர் அப்படித்தான் அழைத்தார்.

பூச்சி என்று அவர் சொன்னது பாக்டீரியாவை. கஞ்சி என்றது அதற்கு ஊற்றும் உணவுக் கரைசலை. மூன்று நாளில் நானும் அப்படியே சொல்லப் பழகிவிட்டேன்.

உள்ளே எஸ்தர் இருந்தாள். அனகாபுத்தூர்ப் பெண், இருபத்தெட்டு வயது, முனைவர் பட்டத்துக்கு வேலை செய்கிறாள். "பசியாறியாச்சாம்மா?" என்று எங்கள் ஊர் வழக்கப்படி கேட்டேன். அவள் ஒரு கணம் விழித்தாள். காலைச் சாப்பாட்டைத்தான் அப்படிக் கேட்கிறேன் என்று விளக்கியதும், "சூப்பரா இருக்கு சார் இந்த வார்த்தை. ஏதோ சண்டை போட்டு கோவம் ஆறியாச்சான்னு கேக்கறீங்கன்னு நெனச்சேன்" என்று சிரித்தாள்.

வேலை பார்ப்பதற்கு மிக எளிது. குலுக்கும் இயந்திரத்துக்குள் பன்னிரண்டு கண்ணாடிக் குடுவைகள். ஒவ்வொன்றின் மேலும் மார்க்கர் பேனாவால் ஓர் எண், ஒன்று முதல் பன்னிரண்டு வரை. தினமும் பதினோரு மணிக்கு ஒவ்வொரு குடுவையிலிருந்தும் நூறில் ஒரு பங்கை மட்டும் எடுத்துப் புதுக் கஞ்சி இருக்கும் புதுக் குடுவையில் விடவேண்டும். அதே எண்ணைப் புதுக் குடுவையில் எழுதவேண்டும். பழைய குடுவைகள் காப்புக்காக ஒரு நாள் குளிர்பெட்டியில் இருக்கும். மறுநாள் ஏழுமலை அவற்றை எடுத்து, எண்ணை ஸ்பிரிட்டால் துடைத்து, கொதிக்கவைத்துக் கழுவிக் கவிழ்ப்பார். அவ்வளவுதான். ஆனால் இதை ஒரு நாள்கூட விடாமல் செய்யவேண்டும். தீபாவளி, கிறிஸ்துமஸ், புயல், அண்ணன் கல்யாணம் எதற்கும் விடுப்பு கிடையாது. நான் போன நாள் தொள்ளாயிரத்து எண்பத்து நாலாவது நாள்.

"அண்ணன் தாலி கட்டறப்ப நான் இங்கதான் சார் இருந்தேன். ஏழுமலை அண்ணன் வீடியோ கால்ல காட்டினாரு. என்னை அனுப்பாம அவரு கல்யாணத்துக்குப் போயிட்டாரு" என்றாள்.

"பின்ன? பிரியாணி யார் துன்றது?" என்றார் ஏழுமலை.

எதற்காக இந்தப் பாடு என்று வாசகர் கேட்கலாம். விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரரும் கேட்டார். நூறு மடங்கு குறைந்த பாக்டீரியா மறுபடி பழைய அளவுக்குப் பெருக ஆறேழு தலைமுறை ஆகும். நேற்றுத் தின்ற இட்லிக்கும் இன்று தின்ற இட்லிக்கும் நடுவில் அவை கொள்ளுப்பேரன் காலத்தையும் தாண்டிப் போய்விடுகின்றன. ஒவ்வொரு தலைமுறையிலும் மரபணுவைப் படியெடுக்கும்போது எங்கேயாவது ஓர் எழுத்து பிசகும். பெரும்பாலான பிசகுகளால் ஒன்றும் ஆகாது. சில கெடுக்கும். எப்போதோ ஒன்று உதவும். உதவிய பிசகைச் சுமப்பவை மற்றவற்றைவிட வேகமாகப் பெருகிக் குடுவையையே பிடித்துக்கொள்ளும். பரிணாமம் என்று பெரிய வார்த்தையில் சொல்வதை எஸ்தர் ஒரு மேஜை அகலத்தில் நடத்திக்கொண்டிருந்தாள்.

அவளுடைய பாக்டீரியா நோய் தராத சாது வகை. ஆனால் ஒரு மருந்துக்கு மசியாதது. அதன் உடலில் புரதம் செய்யும் பட்டறை ஒன்று இருக்கிறது. மருந்து அந்தப் பட்டறைக்குள் புகுந்துதான் வேலையைக் கெடுக்கும். பட்டறைக்கான மரபணுவில் ஓர் எழுத்து மாறியதால் மருந்து உள்ளே ஒட்ட முடியவில்லை. உயிர் பிழைத்தது, ஆனால் பட்டறை மந்தமாகிவிட்டது. எஸ்தரின் கேள்வி இதுதான்: மருந்தையே காட்டாமல் ஆயிரம் நாள் வளர்த்தால் அது பழைய எழுத்துக்கே திரும்புமா? திரும்பினால், நாம் கைவிட்ட மருந்துகள் மறுபடி பலிக்கும். திரும்பாவிட்டால், வேறு எங்கோ இன்னொரு பிசகு வந்து மந்தத்தைச் சரிக்கட்டியிருக்கும். மருந்துக்கு மசியாத குணமும் அப்படியே நிற்கும். பன்னிரண்டு குடுவைகளும் பன்னிரண்டு தனிக் குடும்பங்கள். எந்தக் குடும்பம் எந்த வழியில் போனது என்பதுதான் ஆய்வு. ஒன்றோடொன்று மாறிப்போனால் ஆய்வே இல்லை.

இரண்டாம் நாள் துளி அளந்து எடுக்கும் பிப்பெட்டை என் கையில் கொடுத்தாள். முப்பது வருஷ அனுபவம் எனக்கு. நாலாவது குடுவையில் அளவுக்கு மேல் உறிஞ்சிவிட்டேன். "மெதுவா சார். ஈப்போவுல ஃபார்ம் நிரப்பியே பழகிட்டீங்க போல" என்றாள். உண்மைதான். எங்கள் இடத்தில் மூக்குச் சிந்தினாலும் அதற்கு ஒரு படிவம் உண்டு. இங்கே இருந்தது ஒரு கெட்டி அட்டை நோட்டு மட்டும். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம், செய்தது எல்லாம் மையில், அடித்தல் திருத்தல் இருந்தால் அதன் பக்கத்தில் கையெழுத்து.

அன்று மதியம் ஏழுமலை என்னைத் தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் ஒரு தள்ளுவண்டிக் கடைக்கு இழுத்துப் போனார். இட்லி மேல் வடகறியை ஊற்றி நீட்டினார்கள். மசால் வடையைக் குழம்பில் உதிர்த்தது மாதிரி இருந்தது. ஈப்போ வெள்ளைக் காப்பியைப் பற்றி வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பெருமை பேசுகிற நான் அன்று வாயை மூடிக்கொண்டு ஆறு இட்லி தின்றேன். "நாளைக்கு ஆயுத பூஜை சார். லேபுக்கு நான்தான் பண்ணுவேன். மெஷினு, கஞ்சி டப்பா, பூச்சி எல்லாத்துக்கும் பொட்டு உண்டு. பதினோரு மணிக்கு பாப்பா கஞ்சி ஊத்தி முடிச்சதும் ஆரமிப்பேன். வயிறு காலியா வா, பொரி கீது, சுண்டல் கீது" என்றார்.

மூன்றாம் நாள் வந்தது. காலையில் மேடவாக்கம் முழுக்க வண்டிகள் குளித்து மாலை போட்டு நின்றன. ஆட்டோக்களின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று. எங்கள் ஊரிலும் லாரி வைத்திருப்பவர்கள் பூஜை போடுவார்கள், ஆனால் சாலையின் நடுவில் பூசணிக்காயை உடைக்கிற பழக்கம் இத்தனை தாராளமாகக் கிடையாது. பத்தடிக்கு ஒரு பூசணி வெள்ளையும் சிவப்புமாகச் சிதறிக் கிடந்தது. நான் ஏறிய ஷேர் ஆட்டோ செம்பாக்கத்தில் ஒரு பேருந்துக்கு ஒதுங்கும்போது அந்தப் பூசணிகளில் ஒன்றின் மேல் ஏறியது. வண்டி வழுக்கிச் சாவகாசமாக இடப்பக்கம் சாய்ந்தது. யாருக்கும் பெரிய அடி இல்லை. எனக்கு மட்டும் முழங்கால் கிழிந்து ரத்தம். டிரைவர் என்னைத் தூக்கி நிறுத்திவிட்டு, "காலைலயே பேஜாராப் பூடுச்சே" என்று நொந்துகொண்டார். திருஷ்டி கழிக்க உடைத்த காய் என்மேலேயே கழிந்துவிட்டது.

நான் சும்மா ஒரு கட்டு போட்டுக்கொண்டு வந்திருக்கலாம். அங்கேதான் என் புத்தி கெட்டது. ஊர் தெரியாத பயத்தில் எஸ்தருக்குப் போன் செய்தேன். அவள் அப்போது குரோம்பேட்டையில் வந்துகொண்டிருந்தாள். "அங்கயே இருங்க சார்" என்று ஸ்கூட்டரை அஸ்தினாபுரம் வழியாகத் திருப்பி வந்தாள். விடுமுறை நாளில் திறந்திருந்த ஒரு கிளினிக்கைத் தேடிக் கண்டுபிடித்து, வரிசையில் காத்திருந்து, எனக்கு ஊசி போட வைத்து, பின்னால் உட்காரவைத்து நிலையத்துக்கு வரும்போது மணி பன்னிரண்டரை. "ஒரு ஒன்றரை மணி நேரம் லேட்டானா பூச்சிங்க ஒண்ணும் கோவிச்சுக்காது சார்" என்று எனக்குத்தான் அவள் ஆறுதல் சொன்னாள்.

மாடி ஏறியதும் சாம்பிராணி வாசனை வந்தது. ஆய்வகம் பளபளவென்று இருந்தது. குலுக்கும் இயந்திரம் நின்றிருந்தது. அதன் நெற்றியில் சந்தனம், குங்குமம். நீளமான மேஜையில் சரஸ்வதி படம். அதன் முன்னால் நுண்ணோக்கி, பிப்பெட்டுகள், தராசு. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே வரிசையில் பன்னிரண்டு குடுவைகள், உள்ளே நேற்றைய கஞ்சியோடு, பஞ்சு மூடியோடு. கண்ணாடி துடைத்துத் துடைத்து மின்னியது. ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு சந்தனப் பொட்டு. எண் எதிலும் இல்லை.

எஸ்தர் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"நல்ல நேரம் பன்னண்டோட முடியுது பாப்பா. போன் அடிச்சேன், நீ எடுக்கல. சரி, மெஷினுக்கும் இன்னிக்கி ஒரு நாள் ரெஸ்ட்டு குடுப்போம்னு நிறுத்திட்டேன்" என்று கையில் சுண்டல் கிண்ணத்தோடு வந்தார் ஏழுமலை. அவள் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றார்.

"நம்பர் எங்கண்ணா?"

அவர் குடுவைகளைத் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கும் உறைத்தது. தினமும் எண்ணை ஸ்பிரிட்டால் துடைக்கிற கை, சாமி முன்னால் வைக்கும் குடுவை சுத்தமாக இருக்கட்டும் என்று அன்றும் துடைத்துவிட்டது. குளிர்பெட்டியில் காப்புக்கு வைத்திருந்த முந்தின நாள் குடுவைகளையும் பண்டிகை நாளில் அழுக்கு வேண்டாமென்று கழுவிக் கவிழ்த்துவிட்டார்.

"ஐயையோ" என்றார். கிண்ணம் கையிலிருந்து நழுவியது. சுண்டல் தரையெல்லாம் ஓடியது.

எஸ்தர் கத்தவில்லை, அழவுமில்லை. கோயம்புத்தூரில் மகளின் பிரசவத்துக்குப் போயிருந்த தன் ஆய்வு வழிகாட்டியான பேராசிரியைக்குப் போன் செய்தாள். பேராசிரியை நிதானமாகத்தான் பேசினாராம். நூறு நாளுக்கு ஒருமுறை பன்னிரண்டிலிருந்தும் ஒரு துளி உறைபெட்டியில் சேமிக்கப்படும். கடைசியாகச் சேமித்தது தொள்ளாயிரமாவது நாளில். அதிலிருந்து மறுபடி ஆரம்பி என்றாராம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அன்று தொள்ளாயிரத்து எண்பத்தாறாவது நாள். தொள்ளாயிரத்திலிருந்து ஆயிரத்தை எட்ட மறுபடி நூறு நாள் ஓட்டவேண்டும். எஸ்தரின் உதவித்தொகைக்கு மிச்சம் இருந்தது இரண்டு மாதம். அதற்குப் பிறகு ஆய்வகமும் இல்லை, கஞ்சியும் இல்லை.

நான் மட்டும் போன் செய்யாமல் இருந்திருந்தால் அவள் பதினோரு மணிக்கு வந்திருப்பாள். அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் வாய் தவறி அப்படிச் சொன்னேன். "ஆயிரம் நாளா பார்க்கிறாயேம்மா. பார்த்தாலே எது எதுன்னு உனக்குத் தெரியாதா? நீயே நம்பர் போட்டுடு. யாருக்குத் தெரியப்போகுது?"

"மூணாவது அடியில படியும். ஆறாவது சீக்கிரம் கலங்கும். அது ரெண்டையும் கண்டுபிடிச்சிடுவேன் சார். மீதி பத்துக்கும் நான் குத்துமதிப்பா நம்பர் போட்டா அதுக்குப் பேரு பொய்" என்றாள். குரல் உயரவில்லை. எனக்குக் காது சுட்டது. முப்பது வருஷம் இந்தத் தொழிலில் இருந்தவன் சொல்கிற யோசனையா அது!

தரையில் உட்கார்ந்து சுண்டலைப் பொறுக்கிக்கொண்டிருந்த ஏழுமலை நிமிர்ந்தார். "பாப்பா, நான் வரிசையாத்தான் வெச்சேன். மெஷின்லேர்ந்து ஒண்ணு, ரெண்டுன்னு எடுத்த மாதிரியே. சாமி முன்னாடி கண்டபடியா வெப்பேன்? ஒண்ணுலேர்ந்து பன்னண்டு, அப்டியே கீது."

எஸ்தர் கைகழுவி, கோட்டை மாட்டிக்கொண்டாள்.

"சோதிச்சுப் பாத்துடலாம்ணா. யாரும் எதையும் நகத்தாதீங்க."

அவள் செய்ததைச் சொல்கிறேன். ஆரம்பத்திலேயே, குடும்பங்கள் கலந்துவிட்டால் கண்டுபிடிக்க ஓர் அடையாளம் வைத்துத்தான் வளர்த்திருந்தாள். ஒற்றைப்படை எண் கொண்டவை கஞ்சியில் சாயம் கலந்து உறையவைத்த ஒரு தட்டில் சிவப்புப் புள்ளிகளாக முளைக்கும், இரட்டைப்படை வெள்ளையாக முளைக்கும். சாப்பாட்டிலோ வேகத்திலோ வேறுபாடு கிடையாது, நிறம் மட்டும்தான். ஏழுமலை சொன்ன வரிசை சரியென்றால் பன்னிரண்டு தட்டுகளும் சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று மாறி மாறி வரவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு அடுக்கினால் அப்படி அமைய ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு வாய்ப்புதான்.

எண் போட முடியாது என்பதால் இடமிருந்து வலமாக அ, ஆ, இ, ஈ என்று குடுவைகளில் எழுதினாள். ஔ-வில் சரியாக முடிந்தது. ஒவ்வொன்றிலிருந்தும் புதுக் கஞ்சிக்கு மாற்றினாள், சாயத் தட்டிலும் ஒரு துளியைப் பரப்பினாள். தட்டுகள் வெப்பப் பெட்டிக்குள் போயின. முளைக்க மறுநாள் காலை ஆகும். இயந்திரம் மறுபடி குலுங்க ஆரம்பித்தது. நெற்றிக் குங்குமத்தை யாரும் துடைக்கவில்லை.

மாலை ஏழுமலையும் நானும் சேர்ந்து பஸ் நிறுத்தம் வரை நடந்தோம். நான் நொண்டினேன். அவர் பொரிப் பொட்டலத்தை என்னிடம் கொடுத்தார். "நீ துன்னு சார். எனக்கு எறங்கல" என்றார். சாலையில் இன்னும் பூசணி உடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

நாலாம் நாள் விஜயதசமி. தாம்பரத்துத் தெருக்களில் புதுச்சட்டை போட்ட குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்கத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு குழந்தை அழுத அழுகையில் ஆட்டோவில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். ஏழு மணிக்கே நிலையத்துக்குப் போய்விட்டேன். எனக்கு முன்னால் ஏழுமலை படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். கண்கள் சிவந்து கிடந்தன. எஸ்தர் ஸ்கூட்டரை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் எழுந்து ஓடினார்.

"பாப்பா, நான் சொன்னது தப்பு. வரிசை பூரா கரெக்டு இல்ல."

"என்னண்ணா சொல்றீங்க?"

"ராத்திரி பூரா ஒண்ணொண்ணா எடுத்து வெச்சத நெனச்சிகினே கெடந்தேன். கற்பூரத் தட்டுக்கு எடம் பத்தல. ஒம்பதாவத கைல தூக்கிக்கினு, பத்தாவத இந்தாண்ட நவுத்துனேன். தட்ட வெச்சேன். அப்பால ஒம்பத பத்துக்கு அந்தாண்ட வெச்சிட்டேன். ஒம்பதும் பத்தும் மாறிப் பூடுச்சு. மத்தது மாறல. அது மட்டும் தான். என்னத் திட்டு, அடி, இன்னா வேணா பண்ணு."

நான் அவசரமாக, "சரி வாங்க, தட்டைத் திறந்து பார்ப்போம்" என்றேன்.

"இருங்க சார்" என்று எஸ்தர் கையை நீட்டித் தடுத்தாள். மாடிக்கு ஓடி நோட்டைக் கொண்டுவந்தாள். அன்றைய பக்கத்தைத் திறந்து ஏழுமலையிடம் பேனாவோடு நீட்டினாள். "இப்ப என்கிட்ட சொன்னதை அப்படியே இதுல எழுதுங்க. மணியும் போடுங்க. எழுதின பிறகுதான் பெட்டியத் திறப்பேன்."

"நானா? இதுல நீ மட்டுந்தான எழுதுவ?"

"பாத்தது நீங்கதானே? நீங்கதான் எழுதணும்."

தட்டுகளைப் பார்த்துவிட்டு அவர் இதைச் சொல்லியிருந்தால் சமாளிப்பு என்றாகும். பார்க்காமல் எழுதிவைத்தால் சாட்சி. இது எனக்குத் தோன்றாமல் அவளுக்குத் தோன்றியதே என்று எனக்குப் பொறாமைகூட வந்தது. ஏழுமலை படிக்கட்டில் உட்கார்ந்து நோட்டை மடியில் வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார். 'ஐ என்று எழுதி இருப்பது பத்தாம் நம்பர். ஒ என்று எழுதி இருப்பது ஒன்பதாம் நம்பர். கற்பூர தட்டு வைக்க மாற்றினேன். மற்றது மாறவில்லை. இது உண்மை.' கீழே பேர், மணி ஏழு இருபது. எஸ்தர் ஒரு கையெழுத்துப் போட்டாள். என்னையும் போடச் சொன்னாள். போட்டேன்.

மூன்று பேரும் மாடிக்குப் போனோம். எஸ்தர் வெப்பப் பெட்டியைத் திறந்து தட்டுகளை வெளியே எடுத்தாள். கவிழ்த்தபடியே மேஜையில் வரிசையாக வைத்தாள், எழுத்து மட்டும் தெரிந்தது. ஏழுமலை பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அவள் ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அ சிவப்பு. ஆ வெள்ளை. இ சிவப்பு. ஈ வெள்ளை. உ சிவப்பு. ஊ வெள்ளை. எ சிவப்பு. ஏ வெள்ளை.

அடுத்ததை எடுக்க அவள் விரல் தயங்கியது. வழக்கப்படி ஐ சிவப்பாக இருக்கவேண்டும். ஏழுமலை எழுதியது நிஜமென்றால் வெள்ளையாக இருக்கவேண்டும்.

ஐ வெள்ளை.

ஒ சிவப்பு. ஓ சிவப்பு. ஔ வெள்ளை.

எஸ்தர் நோட்டில் அ-வுக்கு நேராக ஒன்று என்று எழுதினாள். ஆ-வுக்கு இரண்டு. ஐ-க்கு நேராகப் பத்து, ஒ-வுக்கு நேராக ஒன்பது. பன்னிரண்டு வரை எழுதினாள். "உறைபெட்டியில இருக்கறதோட ஒவ்வொண்ணோட மரபணுவையும் பின்னாடி ஒப்பிட்டுப் பாத்துடணும் சார். அது வரைக்கும் இப்படியே ஓட்டலாம். ஓட்டலாம்..." என்றாள். முந்தின நாள் முழுக்க அழாமல் இருந்த பெண் கோட்டுக் கையில் முகத்தைப் புதைத்துத் தேம்பித் தேம்பி அழுதாள்.

ஏழுமலை பதறித் திரும்பினார். "தப்பாப் பூடுச்சா சார்? எல்லாம் பூடுச்சா?"

"இல்லண்ணே. நீங்க எழுதினது அப்படியே வந்திருக்கு. ஒன்பதும் பத்தும் மட்டும்தான் மாறியிருக்கு."

"அப்ப பூச்சிங்கல்லாம் அததோட வூட்லதான் கீதா?"

"இருக்கு. பன்னிரண்டும் இருக்கு."

அவர் மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, அவளைவிடச் சத்தமாக அழ ஆரம்பித்தார். இரண்டு பேரும் அழுது முடிக்கிற வரைக்கும் நான் அந்தத் தட்டுகளுக்குப் பக்கத்தில் காவல் நின்றேன்.